அப்பா வெளியே கிளம்பினால்: வாட்ச், செருப்பு, பெல்ட், எது கைகொடுத்தது? (புதுச்சேரி, கடலூர் பக்கத்தவர்கள் சொல்லுங்கள்)

வாணரப்பேட்டை மகள்
ஞாயிறு, இரவு 10.15

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏ.எஃப்.டி. மில்லில் (ரோடியர் மில் என்பார்களே, அதுதான்) 31 வருடம் தறி ஓட்டியவர். நாங்கள் பிறந்து வளர்ந்தது வாணரப்பேட்டை. அங்கிருந்து மில்லுக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட மனசில்லாமல் லாஸ்பேட்டையில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மூன்று வருடம் ஆகியும் இது அவருக்கு வீடாகவில்லை. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் சமையலறையில் போய் நிற்கிறார். ஆனால் பழைய வீட்டில் கிணறு எந்தப் பக்கம், துணிக்கொடி எங்கே என்று கேட்டால் சட்டென்று கையை நீட்டிக் காட்டுகிறார்.

விடியற்காலைதான் பிரச்சினை. நாலரைக்கு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு "முதல் ஷிப்ட்டு" என்று கிளம்பிவிடுகிறார். மில்லை 2020-லேயே மூடிவிட்டார்கள் என்று சொன்னால் முகம் வாடிப்போகும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கிளம்புவார். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஆறு மாதம் முன்பு ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். போன மாதம் ஒரு நாள் நாங்கள் எழுவதற்குள் போய்விட்டார். ஆப்பைத் திறந்தால் ஹெலிபேட் மைதானத்தில் பச்சைப் புள்ளி. நானும் என் வீட்டுக்காரரும் முக்கால் மணி நேரம் அந்த மைதானத்தையே சுற்றினோம். நடைப்பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டோம். அந்தப் புள்ளி அரை மணி நேரத்துக்கு முந்தையது என்று திரையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டு போய், கடலூர் பஸ் ஏறி, கிருமாம்பாக்கத்தில் இறங்கியிருக்கிறார். மில் கேட்டில் இறங்கத்தான் ஏறினாராம். "கேட்டுல ஒரு சைக்கிள்கூட இல்லம்மா. வேற எடம்னு நெனச்சி உக்காந்துட்டேன்" என்றார்.

ஒரு டீக்கடைக்காரர் அவரை உட்கார வைத்து, கையில் இருந்த வாட்சைப் பார்த்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். என் போன் அடித்தது. அந்த வகையில் வாட்சைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். அவர் இடது கையில் நாற்பது வருடமாக ஒரு எச்எம்டி வாட்ச் இருக்கிறது. புதியதைக் காட்டி, "இது யாரோடது? கொண்டுபோய்க் குடுத்துடு, தேடுவாங்க" என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்வி. அவர் கழற்றாத மாதிரி ஏதாவது இருக்கிறதா? இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நான் அவரைத் தேடிப் பிடிக்கிற கருவிகள் நிறைய விற்கின்றன. அவரே போய், அவரே திரும்பி வர உதவுகிற கருவி எதையாவது நீங்கள் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

ஈசிஆர் வாசி
ஞாயிறு, இரவு 10.52

சகோதரி, கருவியெல்லாம் அப்புறம். முதலில் கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கள். ஈசிஆரில் விடியற்காலை வண்டிகள் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். என் சித்தப்பாவுக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், பயத்தில் சொல்கிறேன்.

கோரிமேடு செவிலி
திங்கள், காலை 5.40

இரவுப் பணி முடித்து வந்து எழுதுகிறேன். நரம்பியல் வார்டில் பல வருடம் இருந்தவள்.

பாத்ரூமுக்குப் போகிறவர் சமையலறையில் நிற்பதும், பழைய கிணற்றைக் கைநீட்டிக் காட்டுவதும் ஒரே காரணத்தால்தான். நாம் எங்கே இருக்கிறோம் என்ற வரைபடத்தை மூளையில் வைத்திருப்பது ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதியும். அந்த இடத்தில் இருக்கும் செல்கள் எப்படி வரைபடம் போடுகின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அல்சைமர் முதலில் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் புது வரைபடம் பதியாது. முப்பது வருடம் நடந்து நடந்து காலில் ஏறிய பழைய பாதை அதைவிட நீண்ட காலம் மிச்சம் இருக்கும். அப்பா வழி தெரியாமல் அலையவில்லை, தெரிந்த வழியைத் தேடிப் போகிறார். கிளம்பும் இடம் மாறிப்போனதுதான் அவருக்கு எட்டவில்லை.

பூட்டுவதைப் பற்றி. ஈசிஆர் வாசி சொல்லும் பயம் நியாயமானது. ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவது மட்டும் கூடாது. தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை. பூட்டிய கதவைக் கண்டால் இவர்களுக்குப் படபடப்பு கூடும், சுவர் ஏறி விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன். கதவு திறந்தால் மணி அடிக்கும் சின்னக் காந்த சென்சார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. முதலில் அதை மாட்டுங்கள். நீங்கள் எழுந்துவிடுவீர்கள், கூடவே நடக்கலாம்.

அலைச்சல் திடீரென்று இரண்டு மூன்று நாளில் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடி பவர், காது இரண்டையும் பாருங்கள். கருவி பேசினாலும் காது கேட்காவிட்டால் பயனில்லை.

இன்னொன்று. பிரிட்டன் போலீசில் 'ஹெர்பர்ட் நெறிமுறை' என்று ஒரு படிவம் உண்டு. ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் நார்மண்டித் தரையிறக்கத்தில் போரிட்டவர். வயதான காலத்தில் மறதிநோய் வந்து, சிறுவயது வீட்டைத் தேடிப் போனபோது காணாமல்போய் இறந்தார். அவர் பெயரில்தான் அது. ஆள் காணாமல் போவதற்கு முன்பே படம், பழைய முகவரி, வேலை பார்த்த இடம், வழக்கமாகப் போகும் பாதை, மருந்து எல்லாவற்றையும் எழுதி வீட்டில் வைத்திருப்பார்கள். காணோம் என்றதும் கையில் கொடுத்துவிடலாம். இங்கே அப்படிப் படிவம் இல்லாவிட்டால் என்ன, ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் முதல் வரியாக "ஏ.எஃப்.டி. மில் கேட்" என்று எழுதுங்கள்.

நீங்கள் தனியாள் இல்லை. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர்.

காந்தி வீதி ரிப்பேர் கடை
திங்கள், மதியம் 2.20

அக்கா, நான் பதினெட்டு வருடமாக மொபைல் ரிப்பேர் பார்க்கிறேன். இந்த வாட்ச்கள் என் மேஜைக்கு மாதம் இரண்டாவது வரும். உங்களுக்கு நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் எப்போதும் உங்களிடம் பேசிக்கொண்டே இருக்காது. பேட்டரி மிச்சம் பிடிக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அரை மணிக்கு ஒருமுறை இடத்தை அனுப்பும். பெட்டியில் இருந்து எடுக்கும்போது பெரும்பாலும் நீண்ட இடைவெளிதான் வைத்திருக்கும். அப்பா நடக்கும்போது பத்து நிமிடத்தில் அரை கிலோமீட்டர் போவார், தேடிவிடலாம். பஸ்ஸில் ஏறிவிட்டால் அதே பத்து நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர். மரப்பாலத்தில் இருப்பதாகப் புள்ளி காட்டும், அவர் தவளக்குப்பம் தாண்டியிருப்பார். அதனால் இடைவெளியை இரண்டு நிமிடமாக வையுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும், தினமும் சார்ஜ் போட வேண்டும். வேறு வழியில்லை. ஆப்பில் புள்ளியைப் பார்க்கும் முன் அதன் நேரத்தைப் பாருங்கள்.

அடுத்து, புள்ளி எப்படி வந்தது என்பது. திறந்த வானம் இருந்தால் குறைந்தது நாலு செயற்கைக்கோள் கிடைத்து, சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். கான்கிரீட் வீட்டுக்குள், பெரிய மார்க்கெட் மாதிரிக் கூரை போட்ட இடத்தில் அது கிடைக்காது. உடனே கருவி செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாகப் போடும். அது ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளி இருக்கும். சில ஆப்களில் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் வரும். வட்டம் பெரிதாக இருந்தால் அந்த இடத்தை நம்பி ஓடாதீர்கள்.

சிம் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மலிவான கருவிகள் பல 2ஜி மட்டும் பிடிக்கும். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் போட்டால் வேலையே செய்யாது. வாங்கும்போதே 4ஜி என்று பார்த்து வாங்குங்கள். கருவிக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். போன தீபாவளிக்கு ஒருவர் கருவி கெட்டுப்போனதாகக் கொண்டு வந்தார். சிம் ரீசார்ஜ் முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏர்டேக் மாதிரி புளூடூத் வில்லைகளைப் பற்றியும் கேட்பார்கள். அது சாவி, பைக்கு. பக்கத்தில் போகும் மற்றவர்களின் போன்களைப் பிடித்துத்தான் இடம் சொல்லும். நேரு வீதியில் சாயங்காலம் நன்றாக வேலை செய்யும். விடியற்காலை ஐந்து மணிக்கு பாகூர் வயல் ஓரத்தில் யார் போன் இருக்கும்? மனிதர்களுக்காகச் செய்தது அல்ல என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா.

கெடிலக்கரை
திங்கள், இரவு 9.05

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 81. நாலு வருடமாக இந்தப் பாடு.

செருப்பைப் பற்றித் தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் ஷூவுக்குள் வைக்கும் ஜிபிஎஸ் அட்டை விற்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் மகன் அம்மாவின் ரப்பர் செருப்புக்கு அடியில் சின்னக் கருவி ஒன்றை வைத்து ஒட்டிக் கொடுத்தான். நன்றாகத்தான் செய்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா பாடலீஸ்வரர் கோயில் பக்கம் போனார். புள்ளி சன்னதித் தெருவில் அசையாமல் நின்றது. சாமி கும்பிடுகிறார் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. போய்ப் பார்த்தால் வாசலில் செருப்பு இருக்கிறது, அம்மா இல்லை. வேறு வாசலில் வெளியே வந்து வெறுங்காலோடு கெடிலம் பாலம் வரை போய்விட்டார். நம் ஊரில் கோயிலுக்கும் வெளியே கழற்றுவோம், அடுத்த வீட்டுக்கும் வெளியே கழற்றுவோம். செருப்பில் எதையும் வைக்காதீர்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது வளையல். பித்தளைக் காப்பு ஒன்றில் என் போன் நம்பரைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து வெட்டி வாங்கினேன். அம்மாவுக்கு வளையல் போடுவது பழக்கம், கழற்றத் தோன்றவே இல்லை. சார்ஜ் போட வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். அன்று பாலத்தில் அவரைப் பார்த்த பூக்காரம்மா அதைப் பார்த்துத்தான் போன் செய்தார். பார்க்கிறவருக்குத் தெரியும்படி எண் பெரிதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா ஏறியது கடலூர் பஸ். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் முள்ளோடை தாண்டி தமிழ்நாடு. உங்கள் ஊர்ப் போலீஸ் வேறு, எங்கள் ஊர்ப் போலீஸ் வேறு. நீங்கள் லாஸ்பேட்டை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது இந்தப் பக்கம் தானாக வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று இரண்டு பக்கமும் ஆள் போக வேண்டும். கடலூர் பக்கம் ஆள் தேவைப்பட்டால் எந்த நேரமும் எனக்கு எழுதுங்கள், திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். வீட்டில் எல்லார் போனிலும் 112, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் போட்டு வையுங்கள்.

வாணரப்பேட்டை மகள்
திங்கள், இரவு 11.30

கெடிலக்கரை அக்கா, "ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள்" என்று படித்ததும் அழுதுவிட்டேன். செவிலி அக்கா, மணி நாளைக்கே மாட்டுகிறேன். வெள்ளைத்தாள் எழுதிவிட்டேன். முதல் வரி நீங்கள் சொன்னதுதான்.

ரிப்பேர் கடைத் தம்பி, அந்த இடைவெளியைப் பார்த்தேன். முப்பது நிமிடம் என்று இருக்கிறது. இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.

பாகூர் பேரன்
செவ்வாய், இரவு 1.10

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் பதில் சொல்லலாம். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது என் தாத்தாவுக்காகவே ஒரு புராஜெக்ட் செய்தேன்.

வெளிநாட்டில் இடுப்பு பெல்ட்டைச் சுற்றி அதிரும் மோட்டார்கள் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அதிரும். கண்ணும் காதும் வேறு வேலைக்குச் சும்மா இருக்கும் என்பதுதான் யோசனை. நானும் நாலு மோட்டார் வைத்துச் செய்தேன். தாத்தாவுக்கு வலது இடுப்பில் அதிர்ந்ததும் நின்றார், வேட்டியை உதறினார். பூரான் என்று நினைத்துவிட்டார். ஒரு வாரம் தினமும் பழக்கினேன். பழகிய அன்று சரியாகத் திரும்புவார், மறுநாள் மறுபடியும் உதறுவார். புதிதாக ஒரு பாஷையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம், அவரால் முடியாதது அது ஒன்றுதான் என்று அப்புறம்தான் புரிந்தது. நோயின் ஆரம்பத்திலேயே பழக்கியிருந்தால் ஒருவேளை ஏறியிருக்கும்.

அடுத்து குரல். காதை அடைக்காமல் கன்னத்து எலும்பு வழியாகக் கேட்கும் ஹெட்போன் வாங்கி, மேப் சொல்லும் வழியைக் கொடுத்தேன். "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது. தாத்தா "யாரு, யாரு" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மீட்டர் கணக்கில் அவர் எப்போது வழி கேட்டார்? "ஏரிக்கரை அரசமரம், அதுக்குப் பின்னால ரேஷன் கடை" என்றுதான் அவர் வழி சொல்வார். அதனால் அப்பத்தாவின் குரலில் ஐந்தே வாக்கியம் பதிவு செய்தேன். அரசமரத்துக்குப் பக்கத்தில் வந்தால், "அரசமரம் வந்துடுச்சில்ல, ரேஷன் கடைப் பக்கம் வாங்க" என்று மட்டும் சொல்லும். இது வேலை செய்தது. எல்லா நாளும் இல்லை, பாதிக்கு மேற்பட்ட நாள். அப்பத்தா குரல் கேட்டால் "வரேன், வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே நடப்பார். ஒரு பாதைக்கு மட்டும்தான் செய்தேன். வீட்டிலிருந்து ஏரிக்கரை, ஏரிக்கரையிலிருந்து வீடு.

மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் சென்ஸ்கேம் என்று கழுத்தில் தொங்கும் கேமரா செய்தார்கள். அதுவாகவே நாள் முழுக்கப் படம் எடுக்கும். நினைவு இழந்த ஒருவர் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது அன்று நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதை நினைத்து, தாத்தா போய் வந்த பாதையை நானே போனில் படம் எடுத்து ராத்திரி சாப்பிடும்போது காட்டுவேன். வழி நினைவில் நின்றதா தெரியாது. ஆனால் அந்த நேரம் அவர் நிறையப் பேசினார்.

கெடிலக்கரை
செவ்வாய், காலை 7.15

தம்பி, நீ செய்தது பெரிய காரியம். ஒரு சந்தேகம் மட்டும். அப்பத்தா இப்போது இருக்கிறார், சரி. என் அம்மாவுக்கு என் அப்பா குரலைப் போட்டால், அவர் இறந்து பதினோரு வருடம், எங்கே என்று தேடிப் போய்விடுவாரே?

பாகூர் பேரன்
செவ்வாய், காலை 8.00

ஆமாம் அக்கா, உயிரோடு இருப்பவர், திரும்பி வந்ததும் வாசலில் நிற்கப்போகிறவர், அவர் குரல்தான் வேண்டும். ரோட்டைக் கடக்கும் இடத்தில் எந்தக் குரலும் வைக்காதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். தாத்தா நடுரோட்டில் நின்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

நீலப்பலகை
செவ்வாய், மாலை 6.45

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு வயது 68. ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கே இந்த நோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது. இதைத் தட்டச்சு செய்ய ஒரு மணி நேரம் ஆகிறது. என் மனைவி பக்கத்தில் இருந்து சரி பார்க்கிறாள்.

நீங்கள் எல்லாரும் எங்களைப் பற்றி அன்பாகப் பேசுகிறீர்கள். வெளியே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வழி தவறுவது எப்படி இருக்கும் என்று.

நான் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பேன். ஏழரை மணி வரை வண்டி விடமாட்டார்கள், அதனால் பயமில்லை. அங்கே நான் தவறியதே இல்லை. கிழக்கே கடல், சத்தம் கேட்கிறது, காற்று முகத்தில் படுகிறது. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம். ஒருநாள் உள்ளே திரும்பினேன். நம் ஊர்த் தெருக்கள் கோடு போட்டது போல நேராக இருக்கும். ஒவ்வொரு முனையும் அடுத்த முனை மாதிரியே இருக்கும். அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூ. நாற்பது வருடம் நடந்த தெருவில் நின்றுகொண்டு, நான் இங்கே வந்ததே இல்லை என்று தோன்றியது. அது மறதி மாதிரியே இல்லை. தெருவை யாரோ மாற்றி வைத்துவிட்டது போல இருந்தது. அப்போது முனையில் இருந்த நீலப் பலகையில் தெருப் பெயரைத் தமிழில் படித்தேன். படித்ததும் தெரு மறுபடி அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பெயர்ப் பலகையை நிறம் மங்காமல் வைத்திருப்பதுகூட எங்களுக்கு ஒரு கருவிதான்.

நான் இப்போது கழுத்தில் ஒன்று மாட்டியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் மனைவியின் போன் அடிக்கும். அதை நானே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தேன். என் இடம் யார் யாருக்குத் தெரியலாம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: மனைவி, மூத்த மகள். மற்ற யாருக்கும் வேண்டாம். நான் கேட்கும் நிலையில் இல்லாத காலம் வரும். அப்போது மகள் முடிவு செய்யட்டும். ஆனால் இன்று என்னைக் கேட்டார்கள். கேட்டதால்தான் அதைக் கழற்றாமல் போட்டிருக்கிறேன்.

அம்மா வாணரப்பேட்டை மகளே, உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களா? நல்ல வேளை பார்த்துக் கேளுங்கள். எங்களுக்கும் நல்ல வேளைகள் உண்டு. எனக்குக் காலை பத்து மணி.

ஈசிஆர் வாசி
செவ்வாய், இரவு 10.20

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பூட்டு என்று முதல் ஆளாக எழுதினேன். சித்தப்பா கடைசி ஒரு வருடம் அந்த கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அவரிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

வாணரப்பேட்டை மகள்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி சொல்ல வந்தேன்.

நீலப்பலகை ஐயா சொன்ன மறுநாளே காலை டிபன் முடிந்து அப்பா திண்ணையில் இருந்தபோது கேட்டேன். "அப்பா, நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியற மாதிரி ஒரு சின்னப் பொட்டி இருக்கு. வெச்சிக்கிறீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்கம்மா கேப்பா, எங்க போனேன்னு. நீ கேட்டா என்ன" என்றார்.

எங்கே வைப்பது என்று அவர் கிளம்புவதைக் கவனித்துப் பார்த்தேன். இத்தனை வருடமாகப் பார்த்தும் பார்க்காத ஒன்று. வேட்டிக்கு மேல் அந்தப் பச்சை அகல பெல்ட்டைக் கட்டுகிறார். மில்லுக்குப் போன காலத்திலிருந்து அதே மாதிரி பெல்ட், நைந்தால் அதே பச்சையில் புதிது. ஜிப் வைத்த பை ஒன்று, பொத்தான் வைத்த பை இரண்டு. வாசல் தாண்டும் முன் வலது கையால் ஜிப் பையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். தட்டாமல் படி இறங்குவதே இல்லை. மகள் பெயர் மறந்த நாளிலும் தட்டினார்.

ரிப்பேர் கடைத் தம்பியிடம் நேரில் போனேன். தீப்பெட்டி அளவில் 4ஜி கருவி ஒன்று பார்த்துக் கொடுத்தார். வெளிச்சம், சத்தம், அதிர்வு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டு நிமிட இடைவெளி வைத்தோம். அது ஜிப் பையில். பொத்தான் பையில் ஒரு லேமினேஷன் அட்டை: "எனக்கு மறதி உண்டு. என் மகளைக் கூப்பிடுங்கள்" என்று எழுதி, கீழே என் எண். வீட்டு முகவரி போடவில்லை. அப்பா குளிக்கும் இருபது நிமிடம், அப்புறம் மத்தியானத் தூக்கம், இரண்டு வேளையும் சார்ஜ். பெல்ட் கொடியில் தொங்கும்போதே ஒயரைச் செருகிவிடுகிறேன்.

பூட்டவில்லை. மணி அடித்தால் எழுந்து நானும் கிளம்புகிறேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் ஸ்கூட்டரில் அவரை வாணரப்பேட்டையில் பழைய வீட்டு முனையில் இறக்கி விடுகிறேன். அங்கிருந்து மில் கேட்டுக்கு அவரே நடக்கிறார். நான் ஐம்பது அடி பின்னால். முதல் நாள் எனக்குத்தான் பதற்றம். அவர் ஒரு இடத்தில்கூட யோசிக்கவில்லை. ரயில்வே கேட்டில் நின்று, தண்டவாளம் இரண்டு பக்கமும் பார்த்து, கடந்தார். லாஸ்பேட்டையில் சுவரைப் பிடித்து நடக்கிற மனுஷன் அங்கே கை வீசி நடந்தார். மில் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. முதல் நாள் கடைக்காரரிடம் அப்பாவைக் காட்டிச் சொன்னேன். "எங்க மாமாவும் ரோடியர்லதான் இருந்தாரு" என்று சொல்லி அவரே பெஞ்சைத் துடைத்துப் போட்டார். இப்போது அப்பா போனதும் டீ வந்துவிடுகிறது. குடித்துவிட்டு, "ஷிப்ட்டு விட்டாச்சு, போலாம்" என்பார். வருகிறார்.

ஒரு தோல்வியும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மழையில் பெல்ட் நனைந்தது. கருவி தண்ணீர் தாங்குவதுதான், ஆனால் ஈரப் பெல்ட்டை அப்பா கட்டவில்லை. கருவி இல்லாமலேயே தெருமுனை வரை போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் கூட்டி வந்தான். இன்னொரு பெல்ட் வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. நான் தேடிய கடைகளில் பழுப்பும் கறுப்பும்தான் இருக்கிறது. பழுப்பைக் கொடுத்தால் "இது என்னுது இல்ல" என்கிறார்.

காந்தி வீதி ரிப்பேர் கடை
ஞாயிறு, மாலை 6.10

அக்கா, ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், பயப்படாதீர்கள். ஆனால் சார்ஜ் போடும் துளையில் வியர்வை உப்புப் படியும். வாரம் ஒருமுறை காய்ந்த டூத் பிரஷால் தட்டிவிடுங்கள்.

நீலப்பலகை
ஞாயிறு, மாலை 7.00

ஷிப்ட்டு விட்டாச்சு, போலாம். இந்த வரியை மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள். மிக்க மகிழ்ச்சி அம்மா.

கெடிலக்கரை
ஞாயிறு, இரவு 8.40

பச்சை பெல்ட் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தொங்குகிறது, இப்போதுதான் போய்ப் பார்த்து வந்தேன். ஜிப் ஒன்று, பொத்தான் இரண்டு, அதே அமைப்பு. இடுப்பளவு எத்தனை அங்குலம் என்று சொல்லுங்கள். இரண்டாக வாங்கி, நாளை காலை புதுச்சேரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன். வண்டி நம்பரை இங்கே போடுகிறேன், பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாணரப்பேட்டை மகள்
ஞாயிறு, இரவு 8.52

முப்பத்தாறு அக்கா.